சுழியனுக்கு விட்ட இடம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நான் அசையாமல் நின்றேனே, அது நெட் கோளாறு இல்லை. நெட் நன்றாகத்தான் இருந்தது. "அம்மா, இங்கயே ஒரு ஃபிளாட் வாங்கிட்டோம்மா, அடுத்த மாசம் சாவி தர்றாங்க" என்று நீ சொன்னதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அழுதால் நீ பயந்துபோவாய். சிரிக்கலாம் என்றால் கண் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வாயைப் பாதி திறந்தபடி, இமை கொட்டாமல், படம் உறைந்துபோனது மாதிரி அப்படியே இருந்துவிட்டேன். "அம்மா? கேக்குதாம்மா? ஹேங்க் ஆயிருச்சு போல" என்று நீ மருமகளிடம் சொன்னதுகூடக் கேட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு ஈ வந்து என் மூக்கில் உட்கார்ந்து, நெற்றிவரை நடந்து போய், திரும்பியும் வந்தது. அம்மா உறைந்து நிற்கும்போது ஈ மட்டும் எப்படி நடக்கிறது என்று நீ கேட்டிருக்கலாம். வெளிநாட்டில் இவ்வளவு பெரிய கட்டடங்களுக்குச் சூப்பர்வைசர் என்கிறார்கள் உன்னை. அந்தக் கட்டடங்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்பாய். எங்கே விட்டேன் என்பது எனக்கு மறந்துபோகும். கடிதத்துக்குள் புகுந்து யாரும் சரிம்மா போட முடியாது. ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து இது, கோடு போட்ட தாளிலும் கோணலாகத்தான் ஓடும். பொறுத்துக்கொள்.

அன்றைக்கு நான் உன்னைக் கூப்பிட்டதே இரண்டு செய்தி சொல்லத்தான். ஒன்று, நம் ஆலங்குடி ரோட்டு நிலத்தில் மனை போட அனுமதி வந்துவிட்டது. இன்னொன்று, உன்னிடம் சொல்லப் பயந்து பல வாரமாக நான் நாக்குக்கு அடியில் வைத்திருந்தது. கூப்பிடுவதற்கு முன்னால் கண்ணாடி பார்த்து இரண்டையும் சொல்லிப் பழகிவிட்டுத்தான் போனையே எடுத்தேன். நீ முந்திக்கொண்டாய்.

புயலில் முந்திரி மரங்கள் அத்தனையும் வேரோடு சாய்ந்து, அந்த மூன்று ஏக்கரும் மொட்டைத் தலையாகக் கிடந்தபோது, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றவள் நான். நீதான் சொன்னாய்: "மறுபடி கன்னு வச்சு எப்பம்மா காய்க்கிறது? மனை போட்டு வித்துருவோம். நான் ஊரோட வந்துர்றேன். முன்னாடி ரோட்டப் பாத்த மாதிரி இருக்குற மூலை மனைய மட்டும் நமக்கு வச்சுக்குவோம், அங்கிட்டு வீடு கட்டிக்குவோம்." நிலம் விற்கப்போகிற வருத்தமெல்லாம் "ஊரோட வந்துர்றேன்" என்ற ஒரு சொல்லில் எனக்குப் பஞ்சாகப் பறந்துவிட்டது. அந்தச் சொல்லைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு ஆபீசாக ஏறினேன். பட்டா உன் அப்பா பேரில் இருந்தது. ஆகவே அவர் செத்தது நிஜம் என்று ஒரு சான்றிதழ், அவருக்கு நாம்தான் வாரிசு என்று ஒரு சான்றிதழ், நிலத்தின் மேல் வில்லங்கம் இல்லை என்று ஒன்று, மழைத்தண்ணீர் தேங்காது என்று ஒன்று, விவசாயம் இனி நடக்காது என்று ஒன்று. "எல்லாத்துக்கும் சான்றிதழ் கேக்குறீங்களே, நான் அவருக்குப் பொண்டாட்டிதான்னு சான்றிதழ் குடுக்க அவரே இல்லையே" என்று தாலுகா ஆபீசில் ஒருநாள் சொன்னேன். அங்கிருந்த அம்மா சிரித்துவிட்டு எனக்கு நாற்காலி போட்டது. இதை நினைவில் வைத்துக்கொள். அரசு ஆபீசில் அழுகிறவர்களை உட்காரச் சொல்லமாட்டார்கள், தினமும் பார்க்கிறார்கள் பாவம். சிரிக்க வைக்கிறவர்களுக்கு நாற்காலி கிடைக்கும்.

பிளான் போட்டுக் கொடுத்தவர் புதுக்கோட்டையில் இருக்கிற சேவியர். நல்ல மனுஷன், டவுன்காரர். ஆட்களோடு வந்து நிலத்தை அளந்து, முப்பதடி ரோடு எங்கே, மனை எங்கே, பொதுவுக்கு விடவேண்டிய இடம் எங்கே என்று அழகாக வரைந்தார். மனை போடுகிறவர்கள் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கு என்று ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும், அது சட்டம். அதைப் பின்னால், பள்ளமான மூலையில் தள்ளியிருந்தார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். வரைந்ததெல்லாம் சரி. முன்பக்க மூலையில், நீ வீடு கட்டக் கேட்ட அதே இடத்தில், ஒரு சிறிய கட்டம் போட்டு 'சமாதி' என்று எழுதிவிட்டார். அது என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெள்ளையடித்த மேடை, விளக்கு வைக்க மாடம், காய்ந்த மாலை என்று இருந்தால் டவுன்காரருக்கு வேறு என்ன தோன்றும்? நம் ஊரில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வாடிவாசலில் பிடிபடாத காளை செத்தால் பாடை கட்டி, வேட்டி போர்த்தி, மேளம் அடித்து எடுப்பது நமக்குப் பழக்கம். சேவியருக்கு அது தெரியாது.

ஃபைல் திரும்பி வந்தது. நிலத்தில் அடக்கம் நடந்திருக்கிறது, யாரை அடக்கம் செய்தீர்கள், எந்த அனுமதியில் செய்தீர்கள், விளக்கம் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அன்று மாலை உன்னிடம் சொன்னேன். நீ வேலை முடிந்து ரயிலில் போய்க்கொண்டிருந்தாய். "அதுக்கு ஏம்மா இவ்வளவு? ஜேசிபி வச்சு இடிச்சுட்டு மறுபடி போட்டோ எடுத்துக் குடுத்துருங்க. மாடுதானேம்மா" என்றாய். நான் சரி என்றேன். அந்த ஒரு தடவை சரிம்மா போட்டது நீ இல்லை, நான்.

மாடுதான். இல்லை என்று சொல்லவில்லை. பதினொன்றாம் வகுப்பில் நீ மூன்று பாடத்தில் கோட்டை விட்டுவிட்டு வந்த அன்று, உன் அப்பா இடுப்பு பெல்ட்டை உருவிக்கொண்டு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? நீ ஓடிப்போய் மாட்டுக் கொட்டத்தில் நம் காளை சுழியனின் முன்னங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாய். கன்றிலிருந்து தவிடும் பருத்திக்கொட்டையும் வைத்து வளர்த்தவர் உன் அப்பா. அவர் கிட்டே போனதும் அவன் தலையைத் தாழ்த்திக் கொம்பைக் காட்டினான். "டேய், சோறு போடுறவன் நான்டா!" என்று இவர் கத்துகிறார். அவன் ஒரு காலால் மண்ணைக் கிளறுகிறான். உள்ளே நீ. வெளியே நான் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு சிரிக்கிறேன். பொழுது சாயும்வரை ஒருவரும் நகரவில்லை. கடைசியில் உன் அப்பாவே பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "ரெண்டு பேரும் சாப்பிட வாங்கடா" என்று சொல்லிவிட்டுப் போனார். பயல்தானே என்று அவன் அன்றைக்கு ஒதுங்கி நின்றிருந்தால் உன் முதுகில் இன்றைக்கும் பக்கிள் தடம் இருந்திருக்கும். இதை உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் குத்துவதற்காகத்தான்.

உன் அப்பாவை எடுத்த அன்று நீ இல்லை. டிக்கெட் கிடைக்கவில்லை, நீ என்ன செய்வாய். சுழியனை அவிழ்த்துவந்து பாடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவர் காலை முகர்ந்தான், பிறகு நக்கினான், பிறகு யாரையும் கிட்டே விடவில்லை. நான்தான் கயிற்றைப் பிடித்து அங்கிட்டுக் கொண்டுபோய்க் கட்டினேன். அதற்குப் பிறகு அவன் தீவனத்தைத் தொட்டால் தொடுவான், இல்லையென்றால் இல்லை. தண்ணீர் மட்டும் நான் வைத்தால் குடிப்பான். அடுத்த பொங்கலுக்குள் அவனும் போய்விட்டான். உன் அப்பாவை எரித்துச் சாம்பலைக் கோட்டைப்பட்டினம் கடலில் கரைத்துவிட்டோம். அவருக்கு என்று போய் உட்கார எனக்கு ஓர் இடம் கிடையாது. கடலில் எந்தப் பக்கம் பார்த்துப் பேசுவது? ஆகையால் சுழியன் மேடையில் போய் உட்காருவேன். அவரிடம் சொல்ல வேண்டியதை அவனிடம் சொல்வேன். அவரும் உயிரோடு இருந்தபோது நான் சொன்னதற்கெல்லாம் அவன் மாதிரித்தான் அசைபோட்டுக்கொண்டு இருப்பார், பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஜேசிபிக்காரரிடம் பேசிவிட்டு, அவர் வருகிறேன் என்ற நாளில் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருமயத்துக்கு ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டேன். அவர் வந்து, யாரும் இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறார். அடுத்த தடவை எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். மூன்றாவது தடவை அவரே, "அக்கா, ஒங்களுக்கு இடிக்க மனசு இல்ல. எனக்கு வேற வேல இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

பிறகு சேவியர்தான் வழி சொன்னார். மனிதர் யாரும் அங்கே அடக்கம் ஆகவில்லை என்று நான் எழுதிக் கொடுத்து, கிராம அலுவலர் கையெழுத்தும் வாங்கினால் போதும். போனேன். நம் விஏஓ சின்னப் பையன்தான். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். "மேற்படி இடத்தில் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்த எவரும் அடக்கம் செய்யப்படவில்லை என உறுதியளிக்கிறேன்." எங்கள் குடும்பத்தைச் சேர்ந்த என்பதுவரை எழுதினேன். பேனா நின்றுவிட்டது. "என்னக்கா, எழுத்து தெரியலையா?" என்றார். "எழுத்தெல்லாம் தெரியுது சார். பொய்யா இருக்கே." அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, மாடு குடும்பத்துல சேராதுக்கா." "ஒங்க ரேசன் கார்டுல சேராது சார், எங்க வீட்டுல சேரும்." பின்னால் நின்ற ஆள், "சார், அத்தாச்சி வெளையாடுது" என்று சிரித்தது. நான் விளையாடவில்லை, தம்பி. எல்லாவற்றிலும் விளையாடுகிறவளுக்கு இதுதான் கஷ்டம்; நிஜமாகச் சொல்லும்போது யாரும் நம்பமாட்டார்கள். கடைசியில் நானே முடித்தேன்: எங்கள் குடும்பத்தைச் சேர்ந்த, சுழியன் தவிர்த்து, வேறு எவரும் அடக்கம் செய்யப்படவில்லை. சாப்பாட்டு நேரம், விஏஓ படித்துப் பார்க்காமல் சீல் வைத்துவிட்டார்.

சும்மா இருக்குமா அது? ஃபைல் மறுபடியும் நின்றது. சுழியன் என்பவர் யார், உறவுமுறை என்ன என்று கேள்வி. இந்தத் தடவை நேரில் பார்க்கவே ஓர் அதிகாரி வந்துவிட்டார். உன் வயது இருக்கும் அந்த மேடத்துக்கு. வெயிலில் குடை பிடித்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி, "ஒங்க வீட்டுக்காரராம்மா?" என்று கேட்டது. "இல்லங்க மேடம், அவர எரிச்சாச்சு. இவன் காளை. அவரு வளத்தது." மேடம் குடையை மடக்கியது. எனக்கு உள்ளே என்னமோ உடைந்து, கேட்காததையெல்லாம் சொல்லிவிட்டேன். பெல்ட், பாடை, கடல், எல்லாம். "எம் மகன் இந்த எடத்துலதான் வீடு கட்டணும்னு இருக்கான். ரோடும் இப்படித்தான் வருது. இத இடிச்சாத்தான் அவன் வருவான். எனக்கு ரெண்டும் வேணும் மேடம். பேராசதான்." மேடம் சேவியரின் வரைபடத்தைக் காரின் மேல் விரித்து வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னது: "பின்னாடி பள்ளத்துல பார்க் இடம் காட்டியிருக்கீங்க. அத முன்னாடி கொண்டுவாங்க. இது பார்க்குக்குள்ள வந்துரும், மனையும் ரோடும் இத விட்டு விலகிரும். ஆனா ஒரு மனை, அந்த மூலை மனை, ஒங்களுக்கு இல்லாமப் போயிரும். பார்க் இடத்த ஊராட்சிக்கு எழுதிக் குடுத்துரணும். அதுக்கப்பறம் இந்த மேடைய வச்சுக்கிறதும் எடுக்கிறதும் அவங்க இஷ்டம். ஒங்களுக்கு எந்த உரிமையும் இருக்காது. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க அதில் என்ன இருக்கிறது? என் கையில் வைத்துக்கொண்டால் இடிக்க வேண்டும். அடுத்தவர் கையில் கொடுத்தால் இருந்தாலும் இருக்கும். கொடுத்துவிட்டேன்.

அதுதான் நான் சொல்லப் பயந்த இரண்டாவது செய்தி. உன் வீட்டு இடத்தைச் சுழியனுக்குக் கொடுத்துவிட்டேன். பத்திர ஆபீசில் ரேகை வைக்கச் சொன்னார்கள். இத்தனை வருஷம் முந்திரி உடைத்த கை, கொட்டைத் தொலியில் வடிகிற பால் பட்டுப் பட்டு விரலில் ரேகையே இல்லை, மெஷின் என்னை ஆள் என்று ஒத்துக்கொள்ளவில்லை. விரலைத் துடை, எண்ணெய் தடவு, அடுத்த விரலை வை என்று வெகுநேரம் பாடுபட்டார்கள். அந்த நேரம் முழுக்க எனக்கு ஒரே ஓட்டம் மனதுக்குள்: மெஷின் வேண்டாம் என்கிறதே, எழுந்து போய்விடலாமா, மகன் இடம் அல்லவா? கடைசியில் இடது கை சுண்டுவிரலை எடுத்துக்கொண்டது. அந்தச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் நீ நடை பழகினாய்.

இப்போது நீ ஃபிளாட் வாங்கிவிட்டாய். நியாயமாகப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். என் பிள்ளைக்கு வைத்த இடத்தைக் கொடுத்தோமே என்று உறுத்த வேண்டியதில்லை, அவன் அதைக் கேட்கப்போவதில்லை. ஆனால் நான்கு நாளாக வேறு ஒன்று உறுத்துகிறது. நீ வரமாட்டாய் என்று எனக்கு உள்ளுக்குள் முன்பே தெரிந்துதான் அவ்வளவு சுலபமாகக் கொடுத்தேனோ? வருகிற பிள்ளையின் இடத்தை ஒரு தாய் கொடுப்பாளா? எனக்குத் தெரியவில்லை. உனக்கும் எப்போது தெரிந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. ஃபிளாட் ஒரே நாளில் வாங்குகிற சாமான் இல்லை. நான் ஜெராக்ஸ் கடையில் வரிசையில் நின்றபோதே நீயும் அங்கே ஏதாவது வரிசையில் நின்றிருப்பாய். ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு இரண்டு பேரும் இரண்டு நாட்டில் நின்றிருக்கிறோம். இனிமேல் அப்படி வேண்டாம். கெட்ட செய்தியைப் பழுக்க வைக்காதே, தம்பி. பச்சையாகவே சொல். உன் மகள் பெரியவளாகி உன்னை விட்டுத் தூரமாகப் போகும்போது, அவள் பயப்படாமல் சொல்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள். என்னை மாதிரி ஈ உட்கார விட்டுக்கொண்டு நிற்காதே.

இன்னொன்றும் தோன்றியது. உன் அப்பாவுக்குக் கொள்ளி வைக்கும்போது, உன் சித்தப்பா மகன் போனைப் பிடித்து உனக்குக் காட்டிக்கொண்டிருந்தான். தீ வைத்த நேரத்தில் திரையில் உன் முகம் அசையாமல் நின்றுவிட்டது. "நெட்டு போயிருச்சு பெரியம்மா" என்றான். நானும் அப்படித்தான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. எது உண்மை என்று நீ சொல்ல வேண்டாம். நெட்தான் போனது என்றே வைத்துக்கொள்வோம், இரண்டு தடவையும்.

புது வீட்டுக்குப் பால் காய்ச்ச வருகிறேன். டிக்கெட் போடு. மருமகளிடம் சொல், கூட வந்து நிரந்தரமாகத் தங்கச் சொல்லி என்னைக் கெஞ்ச வேண்டாம், ஒரு தடவை கெஞ்சினால் போதும். பூங்காவுக்கு எதிரே இருக்கிற மனையை மட்டும் விற்க வேண்டாம் என்று சேவியரிடம் சொல்லிவிட்டேன். உனக்காக என்று நினைத்துவிடாதே, எனக்குத்தான். உனக்காகவும்தான் என்று நீ நினைத்துக்கொண்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

நேற்று சாயங்காலம் அவனிடம் உன் ஃபிளாட் செய்தியைச் சொல்லப் போனேன். மேடை இருக்கிறது, ஒன்றும் செய்யவில்லை. அதை ஒட்டிப் பூங்காவுக்குக் குட்டையாகச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அதில் சாய்ந்து உட்கார்ந்து, நீ எத்தனையாவது மாடி, ஜன்னலில் என்ன தெரியும் என்பதெல்லாம் சொல்லி முடித்தேன். பிறகு கடைத்தெருவுக்கு நடந்து போய்க் காய்கறி வாங்கி, பால் வாங்கி, பஸ் ஏறி, நின்றபடியே வீட்டுக்கு வந்தேன். சேலை மாற்றும்போதுதான் பார்த்தேன். தீபாவளிக்கு நீ அனுப்பிய சேலை. முதுகில், சுவரில் காயாமல் இருந்த நீலப் பெயிண்டில், இடவலம் மாறி, 'ஊராட்சிக்குச் சொந்தமானது' என்று விழுந்திருந்தது. தின்னர் வாங்கி வந்து தேய்த்தேன். எழுத்து போகவில்லை. சேலையில் இருந்த பூ போய்விட்டது.

அம்மா